முத்திரை இல்லாத மூத்தவை

போக்கிமான் விளையாட்டுகளின் உயிரினங்களைச் சேர்த்து வைக்கும் போக்கிமான் ஹோம் செயலியில் இரண்டு பிகாச்சுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றின் அட்டையில் கேம் பாய் கருவியின் சின்னஞ்சிறு படம் முத்திரையாக இருக்கிறது. மற்றதன் அட்டையில் அந்த இடம் காலி. கேம் பாய் முத்திரை உள்ளதுதான் வயதில் மூத்தது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த முத்திரையைச் சுமக்கும் எந்த உயிரினமும் 2016 பிப்ரவரி 27க்கு முன் பிடிபட்டிருக்க முடியாது. அன்றைக்குத்தான் பழைய கேம் பாய் விளையாட்டுகள் நின்டெண்டோ 3டிஎஸ் கருவிக்கு மறுவெளியீடாக வந்தன. முத்திரையே இல்லாத பிகாச்சுவோ 2002இல் ஒரு சிறுவன் தன் கைக்கருவியில் பிடித்ததாக இருக்கலாம். இன்று உலவும் உயிரினங்களிலேயே நெடுந்தூரம் வந்தவை, எங்கிருந்து வந்தன என்ற அடையாளம் இல்லாமல் நிற்கின்றன.

இது எப்படி நேர்ந்தது என்பதற்கு 1996க்குப் போகவேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரி 27 அன்று, சிவப்பு, பச்சை என்ற இரு பதிப்புகளாகப் போக்கிமான் ஜப்பானில் வெளிவந்தது. அதை உருவாக்கிய சடோஷி தஜிரி, டோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் பூச்சி பிடித்து விளையாடி வளர்ந்தவர். இரண்டு கேம் பாய்களை இணைக்கும் கேபிளைக் கண்டபோது, அதன் வழியாகப் பூச்சிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஊர்ந்து போவதுபோல் அவருக்குத் தோன்றியது. ஆகவே கைமாறுவது இந்த விளையாட்டில் பிற்பாடு ஒட்டவைத்த வசதி இல்லை. விளையாட்டே அந்த எண்ணத்திலிருந்துதான் பிறந்தது. ஒரு பதிப்பில் கிடைக்கும் சில உயிரினங்கள் மற்றதில் கிடைக்காது. எல்லாவற்றையும் சேர்க்க வேண்டுமென்றால் இன்னொருவரிடம் கேட்டே ஆகவேண்டும்.

கைமாற்றத்தை இவ்வளவு நம்பிய விளையாட்டு, வந்த உயிரினத்தின் பூர்வீகத்தைப் பற்றி என்ன எழுதி வைத்தது? மிகக் கொஞ்சம். பெட்டியில் உறங்கும் ஓர் உயிரினத்துக்கு 33 பைட், கூடவே நடப்பதற்கு 44 பைட் என்பதுதான் அன்றைய ஒதுக்கீடு. அதில் பூர்வீகத்துக்கென்று இருந்தவை 2 பைட்: முதலில் பிடித்த டிரெயினரின் ஐடி எண், 0 முதல் 65535 வரை. அவருடைய பெயர் பக்கத்தில் தனிப் பட்டியலாக இருந்தது. எந்தக் காட்டில் பிடிபட்டது, எந்த நாளில், அப்போது அதன் லெவல் என்ன என்று எதுவும் கிடையாது. ‘யாருடையது’ என்ற ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இருந்தது.

அந்தப் பதிலுக்கு விளையாட்டு கொடுத்த மரியாதை பெரியது. ஐடி எண் உங்களுடையது இல்லையென்றால் அந்த உயிரினம் ஒன்றரை மடங்கு வேகமாக அனுபவப் புள்ளி சேர்க்கும். ஆனால் உங்களிடம் போதிய பதக்கங்கள் இல்லாவிட்டால் சொன்ன பேச்சைக் கேட்காது. சண்டைக்கு நடுவில் தூங்கிவிடும். பிறர் பிடித்ததற்கு நீங்கள் பெயர் மாற்றவும் முடியாது. நண்பன் அவசரத்தில் தப்பும் தவறுமாகத் தட்டிய செல்லப்பெயர் அப்படியே கடைசிவரை நிற்கும். இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் பிடித்திருக்கிறது. வாங்கியவரால் அழிக்க முடியாதபடி கொடுத்தவரின் பெயர் உயிரினத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஊர், தேதி எல்லாம் அன்றைக்குத் தேவைப்படவும் இல்லை. கேபிள் எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்தால்தான் மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், ‘இதை எங்கே பிடித்தாய்’ என்று வாயாலேயே கேட்டுவிடலாம். கார்ட்ரிட்ஜ் மறந்ததை இரண்டு பிள்ளைகள் நினைவில் வைத்திருந்தார்கள்.

பிடிபட்ட இடத்தை முதன்முதலில் குறித்து வைத்தது 2000 டிசம்பரில் வந்த கிரிஸ்டல் பதிப்பு. நேரம், லெவல், இடம், பிடித்தவர் ஆணா பெண்ணா என்ற நான்கையும் 2 பைட்டுக்குள் அடக்கினார்கள். அட்டையைத் திறந்தால் அது தெரியாது. சியன்வுட் என்ற கடலோர ஊரில் ஒரு குறிசொல்லி இருப்பார். உயிரினத்தைக் கூட்டிக்கொண்டு அங்கே போனால்தான் இதை நீ இன்ன இடத்தில், இன்ன லெவலில் சந்தித்தாய் என்று சொல்வார். பூர்வீகம் என்பதை ஒரு மனிதரைத் தேடிப்போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயமாக வைத்த இந்த யோசனையை அதற்குப் பிறகு கைவிட்டது வருத்தமே.

2002 நவம்பர் 21 அன்று ரூபி, சபையர் பதிப்புகள் வந்தபோது பழைய உறவு முழுக்க அறுந்தது. உள்ளே இருந்த கணக்கு அடியோடு மாறிவிட்டது. ஒவ்வொரு திறனுக்கும் பிறவியிலேயே அமையும் மதிப்பு அதுவரை 0 முதல் 15 வரை இருந்தது. இப்போது 31 வரை நீண்டது. ஒவ்வொன்றுக்கும் 32 பிட்டில் ஒரு தனி எண் கொடுக்கப்பட்டது. குணம் உட்படப் பலவும் அதிலிருந்தே முடிவாயின. கேம் பாய் காலத்து உயிரினங்கள் ஏறி வருவதற்குப் படியே இல்லை. அவை அந்தக் கார்ட்ரிட்ஜ்களிலேயே தங்கின. அந்தக் கார்ட்ரிட்ஜ்களின் நினைவகமோ நாணயம்போன்ற ஒரு சிறு பேட்டரியை நம்பி இருந்தது. பேட்டரி தீர்ந்தால் சேமித்ததெல்லாம் போய்விடும். அப்படிப் போனவை எத்தனையோ. ரூபியும் சபையரும் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதின. அவற்றில் பேட்டரி தீர்ந்தால் உள்ளே இருக்கும் கடிகாரம் மட்டும் நிற்கும். உயிரினங்களுக்கு ஒன்றும் ஆகாது. இன்றுவரை அறுபடாமல் வரும் வம்சம் 2002இல் தொடங்குவது இதனால்தான்.

இந்தத் தலைமுறையின் பதிவேடு சிக்கனத்துக்கு நல்ல உதாரணம். மொத்தம் 80 பைட். அதில் ஒரு பைட் பிடிபட்ட இடத்துக்கு. அதையடுத்த 16 பிட்டில் நான்கு செய்திகள்: பிடிபட்டபோது லெவல் என்ன என்பதற்கு 7 பிட், எந்த விளையாட்டில் என்பதற்கு 4, எந்தப் பந்தை எறிந்து பிடித்தது என்பதற்கு 4, டிரெயினர் ஆணா பெண்ணா என்பதற்கு மிச்சமிருந்த ஒரே பிட். விளையாட்டுகளுக்கு எண்கள் உண்டு: சபையர் 1, ரூபி 2, எமரால்டு 3, ஃபயர்ரெட் 4, லீஃப்கிரீன் 5. தொலைக்காட்சியோடு இணைக்கும் கேம்க்யூப் கருவியில் வந்த கொலோசியம், எக்ஸ்டி இரண்டுக்கும் சேர்த்து 15. ஆக மூன்றே பைட்டில் ஓர் உயிரினத்தின் பிறப்புக் கதை முழுக்க அடங்கியது. ஒன்று மட்டும் இல்லை: தேதி.

இனி ஒரே உயிரினத்தைப் பின்தொடர்வோம். ரூபியில் விளையாட்டு தொடங்கிய சில நிமிடங்களில் எதிர்ப்படும் 101ஆம் சாலையில், லெவல் 2இல், ஒரு ஜிக்சகூன் பிடிபடுகிறது. பழுப்பும் வெள்ளையும் கலந்த, நேராக நடக்கத் தெரியாத சின்னப் பிராணி. அதன் அட்டையில் 101ஆம் சாலை, லெவல் 2 என்று எழுதியிருக்கும். 2006இல் டயமண்ட், பேர்ல் வந்ததும் அதற்கு ஒரு வாசல் திறக்கிறது. பால் பார்க் என்று பெயர். நின்டெண்டோ டிஎஸ் கருவியின் கீழ்ப்பக்கத் துளையில் பழைய கார்ட்ரிட்ஜைச் செருகி, ஒரு தடவைக்கு ஆறு உயிரினங்களைக் கடத்தலாம். திரும்பிப் போக வழி கிடையாது. புதிய அட்டையில் ‘ஹோயென் பகுதியிலிருந்து குடிபெயர்ந்தது’ என்ற பொருளில் ஒரு வரி வரும். ஹோயென் என்பது ரூபி நடக்கும் பகுதி. இப்போது தேதியும் உண்டு. ஆனால் அது பூங்காவுக்கு வந்து சேர்ந்த தேதி. லெவலும் அன்றைய லெவல். 101ஆம் சாலை இருந்த இடத்தில் பால் பார்க் என்று எழுதப்பட்டுவிட்டது.

2010இல் பிளாக், ஒயிட். இந்தத் தடவை வாசல் ஓர் ஆய்வுக்கூடம். இரண்டு டிஎஸ் கருவிகளைப் பக்கத்தில் வைத்துக் கம்பியில்லாமல் அனுப்பவேண்டும். இங்கே பால் பார்க் என்பதும் அழிக்கப்படுகிறது. இடம் ஆய்வுக்கூட மாற்றம், லெவல் மறுபடி அன்றைய லெவல், தேதி மறுபடி அன்றைய தேதி. காலத்தையும் வெளியையும் கடந்து ஹோயெனிலிருந்து வந்ததாக அட்டை இப்போது சொல்கிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நிலத்தை வாங்கும் ஒவ்வொருவரும் புதுப் பத்திரம் எழுதிக்கொண்டு மூலப்பத்திரத்தைக் கிழித்துப்போட்டால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கே ஆகியிருக்கிறது. மூன்றே பைட்டில் அடங்கிய செய்தி அது. புதிய கட்டமைப்பு பழையதைவிடப் பெரியது. பழைய இடப்பெயருக்கு ஒரு பைட்டைக் கூடுதலாக வைத்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை. புதிய விளையாட்டின் இடப்பட்டியலில் 101ஆம் சாலை இல்லை என்ற நடைமுறைக் காரணம் புரிகிறது. அதற்காக எண்ணையே அழித்திருக்க வேண்டாம்.

தப்பிப் பிழைத்தவற்றையும் சொல்லவேண்டும். அந்த 4 பிட், எந்த விளையாட்டு என்ற எண், ஒவ்வொரு கடப்பிலும் பத்திரமாக வந்தது. பந்தும் வந்தது. டிரெயினர் பெயரும் ஐடி எண்ணும் 1996இன் முறைப்படி யாராலும் தொடமுடியாமல் வந்தன. அழகுப் போட்டிகளில் வென்ற ரிப்பன்களும் வந்தன, கொஞ்ச தூரம்வரை. ஹோயெனிலும், டயமண்ட், பேர்ல் நடக்கும் சின்னோவிலும் மொத்தம் 40 போட்டி ரிப்பன்கள் உண்டு. 2013இல் எக்ஸ், ஒய் பதிப்புகளின் காலத்தில் அவை எல்லாம் ஒரே ‘நினைவு ரிப்பன்’ ஆகச் சுருக்கப்பட்டன. எத்தனை வென்றது என்ற எண்ணிக்கை மட்டும் அதில் இருக்கும். ஒரே உயிரினத்தை ரூபியிலிருந்து இன்றைய விளையாட்டுவரை கூட்டிவந்து, வழியில் கிடைக்கும் ரிப்பன் எல்லாவற்றையும் சேர்ப்பதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஆட்டக்காரர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பூர்வீகத்தின் மீது அவர்கள் காட்டும் அக்கறை, விளையாட்டை எழுதியவர்கள் காட்டியதைவிடப் பெரிது என்றே நினைக்கிறேன்.

முத்திரைகள் தோன்றியதும் அதே 2013இல்தான். எக்ஸ், ஒய் நடக்கும் காலோஸ் பகுதியில் பிடிபட்டதற்கும் அங்கே முட்டையிலிருந்து வந்ததற்கும் அட்டையில் ஒரு நீல ஐங்கோணம். நினைவைக் காப்பாற்றுவதற்காக அது வரவில்லை. 2014 உலகப் போட்டித் தொடருக்கு ஐங்கோணம் உள்ளவை மட்டுமே செல்லும் என்று விதி வைத்தார்கள். பழைய தலைமுறையிலிருந்து வருபவற்றில், புதிய விளையாட்டில் கற்கவே முடியாத தாக்குதல்கள் இருக்கும். கள்ளத்தனமாக உருவாக்கப்பட்டவையும் கலந்திருக்கும். வாசலில் நின்று யாரை விடலாம், யாரை நிறுத்தலாம் என்று பார்ப்பதற்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. அதன்பின் அதுவே வழக்கமாகிவிட்டது. 2016இல் அலோலாவுக்குக் கறுப்பு இலை வடிவம், பிறகு கேலாருக்கு, ஹிசுயிக்கு, பால்டியாவுக்கு எனப் புதிய விளையாட்டுகள் நடக்கும் ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு சின்னம். கேம் பாய் மறுவெளியீட்டிலிருந்து வந்தவற்றுக்கும் ஒன்று. 2002 முதல் 2012 வரை வந்த விளையாட்டுகளில் பிறந்தவற்றுக்கு மட்டும் யாரும் பின்னோக்கிப் போய் ஒரு சின்னம் வரையவில்லை. அவற்றின் விளையாட்டு எண் உள்ளே அப்படியே இருக்கிறது. வரைய வேண்டும் என்ற எண்ணம்தான் வரவில்லை.

அந்த மறுவெளியீட்டுப் பிகாச்சுவின் கதையிலும் ஒரு நயம் உண்டு. 2017 ஜனவரியிலிருந்து அதை 3டிஎஸ் வழியாக அலோலாவுக்குக் கூட்டிவர முடிந்தது. கேம் பாய் காலத்தில் குணம் என்ற ஒன்றே கிடையாது. வரும்போது அதற்கு ஒரு குணம் வேண்டும். அது சேர்த்து வைத்திருந்த அனுபவப் புள்ளியை 25ஆல் வகுத்து, மீதியைக் கொண்டு குணத்தை முடிவு செய்தார்கள். முதல் விளையாட்டுகள் நடந்த பகுதி கான்டோ. அட்டையில் பழைய நல்ல காலத்துக் கான்டோவிலிருந்து வந்தது என்ற பொருளில் எழுதினார்கள். 1996இன் உண்மையான கார்ட்ரிட்ஜில் உள்ள உயிரினம் அதிகபட்சம் அடுத்து வந்த கோல்டு, சில்வர், கிரிஸ்டல் பதிப்புகள் வரைதான் போகமுடியும் என்பதை நினைத்துப் பார்க்கையில், அந்த வரி இன்னொருவருக்குச் சேரவேண்டியதாகவே படுகிறது.

2020இல் நம் ஜிக்சகூன் ஹோம் வழியாக சுவோர்டு, ஷீல்டு விளையாட்டுகளுக்குள் நுழைகிறது. அங்கே கேலார் மண்ணின் ஜிக்சகூன் கறுப்பு வெள்ளையாக இருக்கும். அதுவே அந்த இனத்தின் மிகப் பழைய வடிவமாகக் கருதப்படுகிறது என்று விளையாட்டின் குறிப்பேடு சொல்கிறது. பழுப்பு நிறத்தில் வந்து நிற்கும் நம்முடையது உடலாலேயே வெளியூர்க்காரன். தரவரிசைப் போட்டியில் கலந்துகொள்ள அதற்கு கேலார் முத்திரை இல்லை. அதற்கும் ஒரு வழி செய்தார்கள்: போட்டிக்குத் தயார் என்று ஒரு தனிச் சின்னம். ஆனால் அதைப் பெற, தெரிந்த தாக்குதல்கள் எல்லாவற்றையும் மறந்து கேலாரில் கற்கக்கூடியவற்றைக் கற்கவேண்டும். பழைய விளையாட்டில் மட்டுமே கிடைத்த ஒரு தாக்குதல், ஊர்ப்பெயர் போனபின்னும் அந்த ஊருக்குச் சாட்சியாக மிச்சமிருந்தது. அதைக் கொடுத்துத்தான் உள்ளே நுழையவேண்டும் என்பது கடுமையான விலை.

நிஜ ஊர்ப்பெயர் இந்த உலகத்துக்குள் வந்தது போக்கிமான் கோ வழியாக. 2016 டிசம்பரில் அது இந்தியாவுக்கு அதிகாரபூர்வமாக வந்தது. அதில் திருச்சியில் ஒன்றைப் பிடித்தால் அட்டையின் அடியில் தேதியோடு திருச்சி, தமிழ்நாடு, இந்தியா என்று வரைபடத்துடன் வரும். மதுரைக்காரர் யாழ்ப்பாணத்தில் இருக்கும் உறவினரோடு நேரில் சந்திக்கும்போது மாற்றிக்கொண்டால்கூட அந்த ஊர் மாறாது. இருபது ஆண்டுகளில் பூர்வீகத்துக்கு இந்த அளவு மரியாதை வேறெங்கும் கிடைக்கவில்லை. 2020 நவம்பரில் போக்கிமான் கோ விளையாட்டிலிருந்து ஹோமுக்கு அனுப்பும் வசதி வந்தது. அனுப்பினால் கோ முத்திரை கிடைக்கும். அங்கிருந்து சுவோர்டு, ஷீல்டுக்குக் கூட்டிப்போனால், பிடிபட்ட இடம் ‘போக்கிமான் கோ’ என்று நிற்கும். திருச்சி போய்விடும்.

அழிக்க முடியாதபடி ஊரைச் சுமப்பது ஒன்று உண்டு: விவில்லான் என்ற பட்டாம்பூச்சி. எக்ஸ், ஒய் விளையாட்டுகளில் கருவியை எந்த நாட்டுக்கு, எந்தப் பகுதிக்கு அமைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அதன் சிறகுக் கோலம் அமையும். இப்படி 18 கோலங்கள். இந்தியாவுக்குப் பருவமழைக் கோலம் உண்டு. போக்கிமான் கோ விளையாட்டில், அந்தந்த ஊரிலிருந்து நண்பர்கள் அனுப்பும் அஞ்சலட்டைகளைச் சேர்த்து வைத்தால் அந்த ஊரின் கோலம் கிடைக்கும். எத்தனை வாசல் தாண்டினாலும் சிறகு மாறாது. பூச்சி பிடித்து வளர்ந்த ஒருவரின் கற்பனையில் தொடங்கிய உலகத்தில், பிறந்த மண்ணைத் தவறவிடாமல் வைத்திருப்பது ஒரு பூச்சி என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இன்றைக்கு ஹோமுக்குள் நுழையும் ஒவ்வொன்றுக்கும் 64 பிட்டில் ஒரு கண்காணிப்பு எண் பதியப்படுகிறது. நகல் எடுத்தவற்றைக் கண்டுபிடிக்க அது உதவும். ஆட்டக்காரர் கண்ணுக்கு அது தெரியாது. 1996இன் 2 பைட் எண் யார் கொடுத்தது என்று பெறுபவருக்குச் சொன்னது. இந்த 8 பைட் எண் சர்வரோடு மட்டும் பேசுகிறது. பதிவு நான்கு மடங்கு தடித்திருக்கிறது. அதை வாசிக்கும் உரிமை மட்டும் நம்மிடம் இல்லை.

ஹோயென் கார்ட்ரிட்ஜ் இன்னும் வீட்டில் இருந்தால் வழி இன்றும் முழுக்க அடைபடவில்லை. கீழே துளை உள்ள பழைய டிஎஸ் அல்லது டிஎஸ் லைட், அதோடு டயமண்ட் அல்லது பேர்ல் கார்ட்ரிட்ஜ் வேண்டும். அடுத்து வந்த டிஎஸ்ஐ கருவியில் அந்தத் துளை இல்லை. இரண்டாவதாக இன்னொரு கருவி, பிளாக் அல்லது ஒயிட் கார்ட்ரிட்ஜ், பிறகு போக்கிமான் பேங்க் உள்ள ஒரு 3டிஎஸ். அந்தக் கருவியின் கடை 2023 மார்ச் 27 அன்று மூடியது. அதற்கு முன்பே பேங்கை இறக்கி வைத்தவர்கள்தான் இப்போது பயன்படுத்த முடியும். 2024 ஏப்ரலில் 3டிஎஸ்ஸின் இணைய ஆட்டங்கள் நின்றபோது பேங்கை மட்டும் விட்டுவைத்தார்கள், கட்டணமும் இல்லாமல். எவ்வளவு நாளைக்கு என்று உறுதி கொடுக்கவில்லை. அனுப்புவதென்றால் காலம் தாழ்த்த வேண்டாம். அனுப்பும் முன் அட்டையைத் திறந்து, சாலையின் பெயரும் லெவலும் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பால் பார்க்கின் வாசலைத் தாண்டிய பிறகு அந்த இரண்டும் அந்த உயிரினத்திடம் இருக்காது.